பக்கத்து வீட்டு ஜன்னலும் 12 பணம் அபராதமும்

வீட்டுக் கடன் மேஜையில் உட்கார்ந்த எந்த வங்கிக்காரரைக் கேட்டாலும் இந்த ஒரு கேள்வியைச் சொல்வார். "சார், இடம் என்னுது. பணம் பாதி என்னுது, பாதி உங்களுது. நடுவுல கார்ப்பரேஷன் எதுக்கு சார் வருது?"

இதைக் கோயம்புத்தூரில் தமிழில் கேட்டிருக்கிறேன். அகமதாபாத்தில் குஜராத்தி கலந்த ஹிந்தியில் கேட்டிருக்கிறேன். இப்போது மும்பையில் மராத்தியில் கேட்கிறேன். மொழிதான் மாறுகிறது, கேட்பவரின் முகத்தில் இருக்கும் எரிச்சல் ஒன்றேதான். முன்பெல்லாம் "ரூல் சார், என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுப்பேன். பிறகு ஒரு ஆர்வத்தில் இந்த ரூல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பி.காம் படித்தவனுக்கு எதற்கு இந்தச் சரித்திர ஆராய்ச்சி என்று வீட்டில் கேட்டார்கள். படித்தவரை தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் வருவது கார்ப்பரேஷன் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர். கார்ப்பரேஷன் அவருடைய இடத்தில் வந்து உட்கார்ந்து கொண்டது, அவ்வளவுதான். எப்படி உட்கார்ந்தது என்பதுதான் கதை.

சாணக்கியர் காலத்து செட்பேக்

1905 வாக்கில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு ஓர் ஓலைச்சுவடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அங்கே நூலகராக இருந்த சாமசாஸ்திரி அதைப் பிரித்துப் பார்த்தார். காணாமல் போய்விட்டதாக நினைத்திருந்த அர்த்தசாஸ்திரம்! 1909ல் அச்சில் வந்தது. உளவாளி, விஷம், வரி என்று எல்லோரும் அதில் பரபரப்பானதையே தேடுவார்கள். நான் தேடிப்போனது மூன்றாம் அதிகரணம். அதில் வீடு, நிலம் சம்பந்தமான தகராறுகளுக்கென்றே தனி அத்தியாயங்கள் இருக்கின்றன.

படித்தால் நம் தெருச் சண்டை மாதிரியே இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து இத்தனை அடி தள்ளிக் கட்டு. இரண்டு வீட்டுக்கும் நடுவே இத்தனை இடைவெளி விடு. தண்ணீர் தேங்காமல் ஓடும்படி சரிவு வைத்து வாய்க்கால் போடு. ஜன்னலை உயரத்தில் வை. குப்பைக்குழி, படி, ஏணி, சாக்கடை எதுவாவது அடுத்தவருக்கு இடைஞ்சலாக இருந்தாலோ, தண்ணீர் தேங்கி அவர் சுவர் கெட்டாலோ 12 பணம் அபராதம். மல மூத்திரத்தால் தொல்லை என்றால் அதைப்போல இரண்டு மடங்கு.

விதிவிலக்குகூட உண்டு. கண்ட இடத்தில் குழி தோண்டக்கூடாது, ஆனால் வீட்டில் பிரசவம் என்றால் பத்து நாளைக்குத் தற்காலிகக் குழி தோண்டிக்கொள்ளலாம். இதை எழுதியவர் நிஜமான தெருவில் நிஜமான சண்டைகளைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, இந்த மாதிரி வழக்கில் சாட்சி யார்? சுற்றியிருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள். இரண்டு, அண்டை அயலார் கூடிப் பேசி ஒத்துக்கொண்டால் விதியை மாற்றிக்கொண்டும் கட்டலாம், யாருக்கும் கெடுதல் வராதவரை. அதாவது விதி அரசனுக்காக இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்காக. அவர் சம்மதித்தால் அரசனுக்கு அதில் வேலையே இல்லை.

20 வருஷ வெளிச்சம்

பழைய தாய்ப்பத்திரங்களைப் படிப்பது என் உத்தியோகத்தில் ஒரு பகுதி. நம் ஊர்ப் பத்திரங்களில் நான்கெல்லை சொன்ன பிறகு ஒரு நீண்ட வாக்கியம் வரும். பொதுச்சுவரில் பாதி, கிணற்றுப் பாத்தியம், நீரோட்ட பாத்தியம், காற்று வெளிச்ச பாத்தியம், மாமூல் நடைபாதை பாத்தியம் என்று. சின்ன வயதில் இதெல்லாம் பத்திரம் எழுதுபவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவதற்காக இழுக்கிறார் என்று நினைத்தேன். அது அப்படியில்லை. அந்த வாக்கியம்தான் அந்தக் காலத்துப் ப்ளான் அப்ரூவல். அடுத்தவருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒப்புக்கொள்ளும் இடம் அது.

இந்தப் பாத்தியங்களை வெள்ளைக்காரன் 1882ல் சட்டமாக்கினான். இந்திய ஈஸ்மெண்ட் சட்டம். முதலில் சென்னை மாகாணம், மத்திய மாகாணம், குடகு ஆகிய இடங்களுக்குத்தான். பம்பாய்க்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் 1891ல் வந்தது. அதன் 15ஆம் பிரிவு சொல்வது: உங்கள் கட்டிடத்தின் ஜன்னல் வழியாகக் காற்றும் வெளிச்சமும் 20 வருஷம் தடையில்லாமல், அமைதியாக, உரிமையோடு வந்துகொண்டிருந்தால் அது உங்கள் பாத்தியம் ஆகிவிடும். பக்கத்து மனைக்காரர் தன் இடத்திலேயே கட்டினாலும் அதைக் கணிசமாக மறைக்க முடியாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எவ்வளவு வெளிச்சம்? இதில்தான் சிக்கல். 1904ல் லண்டன் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் சொல்லிவிட்டது: எவ்வளவு போயிற்று என்று பார்க்காதே, மிச்சம் இருப்பது சாதாரணமாகப் புழங்கப் போதுமா என்று பார். 1914ல் கல்கத்தா வழக்கு ஒன்றில் ப்ரிவி கவுன்சிலும் அதே வழியில் போனது. பழைய ஜன்னல்காரர் அங்கேயே பாதி தோற்றார்.

வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் பார்வை. இதில் வடக்கும் தெற்கும் வேறு வேறு. 1888ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் கோகல் பிரசாத் எதிர் ராதோ என்று ஒரு வழக்கு. புதிதாக வீடு கட்டியவரின் வராந்தாவும் கதவுகளும் பக்கத்து வீட்டில் பெண்கள் புழங்கும் இடத்தைப் பார்த்தபடி இருந்தன. பர்தா வழக்கம் உள்ள ஊரில் அந்தரங்கம் என்பது ஒரு பாத்தியம்தான், அதை மீறிக் கட்டக்கூடாது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. குஜராத்திலும் இந்த வழக்கத்தை நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. நம் சென்னை உயர் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. பார்வை படுகிறது என்றால் நீ உன் பக்கம் சுவரை உயர்த்திக்கொள் என்பதுதான் தெற்கத்திப் பதில்.

இந்த 1888 வழக்கைச் சும்மா பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2017ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்களே, அதிலும் இந்த வழக்கு பேசப்படுகிறது. ஆதார் வரைக்கும் வந்த உரிமையின் வேர்களில் ஒன்று ஒரு பக்கத்து வீட்டு வராந்தாவில் இருக்கிறது.

பிளேக் வந்தது, கார்ப்பரேஷன் வந்தது

1888ல் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் வந்தது. கட்டப்போகிறேன் என்று கமிஷனருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது அதன் 337ஆம் பிரிவு. இதில் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். மும்பையில் ப்ளான் அனுமதிக்குப் பெயர் ஐ.ஓ.டி. விரித்தால் 'மறுப்பு அறிவிப்பு'! உன் ப்ளானை மறுக்கிறேன், ஆனால் இந்த இந்த நிபந்தனைகளைச் செய்தால் மேற்கொண்டு போகலாம் என்று 346ஆம் பிரிவில் எழுதியிருப்பதால் இந்தப் பெயர். நான் மாற்றலாகி வந்த புதிதில் ஒரு ஃபைலைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன். பக்கத்து சீட்டு மராத்திக்காரர் சிரித்துவிட்டு, "சார், இந்த ஊர்ல வேண்டாம்னு சொன்னாத்தான் சரின்னு அர்த்தம்" என்றார் :-)

சட்டம் இருந்தது, ஆனால் சாளுகள் நெருக்கமாகத்தான் எழும்பின. 1896 செப்டம்பரில் மாண்டவியில் டாக்டர் வியேகாஸ் பிளேக் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஊரே காலியானது. காற்றும் வெளிச்சமும் இல்லாத வீடுதான் நோயை வளர்க்கிறது என்று அன்றைக்கு நம்பினார்கள். எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் காரணம் என்பது பிறகு உறுதியானது. ஆனால் அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் 1898ன் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, பிரின்சஸ் ஸ்ட்ரீட் எல்லாம் அவர்கள் வீடுகளை இடித்து வெட்டிய சாலைகள்.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஓர் என்பவர் 63½ டிகிரி விதி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார். கீழ்த்தள அறையின் ஜன்னலிலிருந்து 63½ டிகிரி சாய்வில் ஒரு கோடு போடு, எதிர்க் கட்டிடம் அந்தக் கோட்டை வெட்டக்கூடாது. கணக்குப் போட்டால் எளிது: விடும் இடத்தைப்போல இரண்டு மடங்கு உயரம். 10 அடி விட்டால் 20 அடி. 20 அடி விட்டால் 40 அடி. 20 வருஷம் காத்திருந்து பாத்தியம் வாங்க வேண்டாம், கட்டும்போதே கோணமானியால் அளந்து வெளிச்சத்தைக் கொடுத்துவிடலாம்.

இந்த விதியின் பலனை மும்பைத் தமிழர்கள் பல பேர் அனுபவித்திருக்கிறோம், தெரியாமலே. டிரஸ்ட் மனை பிரித்த தாதர்-மாடுங்கா பகுதியில்தான் நம்மவர்கள் பிறகு கூட்டமாகக் குடியேறினார்கள். மாடுங்காவில் பூ வாங்கிக்கொண்டு, காபிப் பொடி வாங்கிக்கொண்டு உள் தெருவில் நடந்தால் பழைய இரண்டு மாடி வீடுகளுக்கு நடுவே மரமும் காற்றும் இருக்கும். அந்தக் காற்று யாரோ போட்ட கோட்டின் மிச்சம்.

ஆனால் இங்கேதான் ஒரு மாற்றம் நடந்தது. சாணக்கியர் காலத்தில் வழக்கு எனக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும். 1882லும் அப்படித்தான். பிளேக்குக்குப் பிறகு விஷயம் எனக்கும் கமிஷனருக்கும் நடுவில் என்று ஆகிவிட்டது. விண்ணப்பம் நான் போடுவேன், முத்திரை அவர் வைப்பார். பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தில் எங்குமே இல்லை.

இதை அப்போதே வேறு மாதிரி யோசித்த ஒருவர் உண்டு. பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். சென்னை கவர்னர் பெண்ட்லண்ட் கூப்பிட்டு 1914ல் வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் படங்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. ஆமாம், சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான். வேறு படங்களைச் சேர்த்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்தினார். தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதிக்கு அவர் எழுதிய அறிக்கையில், தெருவை நேராக வெட்டி வீடுகளைத் தரைமட்டமாக்காதே, அங்கங்கே இடிந்ததை மட்டும் எடுத்து இடம் விட்டால் போதும், மக்களைக் கேட்டுச் செய் என்றார். அந்த 1915லேயே பம்பாய் நகரமைப்புச் சட்டம் வந்தது, இந்தியாவில் முதலாவது. சென்னை மாகாணச் சட்டம் 1920ல். சட்டங்கள் வந்தன. கெடிஸ் சொன்ன 'கேட்டுச் செய்' வரவில்லை.

காற்றுக்கு விலை

சுதந்திரத்துக்குப் பிறகு கோணமானி போய் எஃப்.எஸ்.ஐ வந்தது. மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு. 1991 விதிகளில் மும்பைத் தீவு நகரத்துக்கு 1.33, புறநகருக்கு 1. கணக்கு என்று வந்துவிட்டால் வாங்கலாம், விற்கலாம், மாற்றலாம். மும்பையில் பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தைக் குறைத்துக்கொள்ள பிரீமியம் என்று பணம் கட்டிச் சலுகை வாங்க முடியும். வங்கிக்காரனாக இந்த பிரீமியம் ரசீதுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் யோசித்துப் பாருங்கள். குறைவது பக்கத்து வீட்டுக்காரரின் காற்று. பணம் போவது கார்ப்பரேஷனுக்கு. சாணக்கியர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நம் தமிழ்நாடும் சளைத்ததில்லை. 1999ல் விதிமீறிய கட்டிடங்களுக்குப் பணம் கட்டி வரன்முறைப்படுத்திக்கொள்ளும் திட்டம் வந்தது. ஒரே தடவை என்றார்கள். பிறகு 2000, 2001, 2002 என்று தேதி தள்ளிக்கொண்டே போனது. அந்த நீட்டிப்புகளை 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். கிழக்குப் பார்த்த பழைய வீடு, முற்றமும் தாழ்வாரமும் வைத்தது. தெற்கு மனைக்காரர் மாடி எடுத்தார். அப்ரூவல் ப்ளானில் மூன்றடி சந்து விட்டிருந்தது. கட்டும்போது சந்து காணாமல் போய்விட்டது, சன்ஷேட் சித்தப்பா வீட்டு ஓட்டின் மேல் வந்து நின்றது. "நீ பேங்க்ல இருக்கியே, சட்டம் தெரியுமேடா, என்ன பண்ணலாம்?" என்று போன் செய்தார். கேஸ் போட்டார்கள். ஒன்பது வருஷம் ஓடியது. கமிஷன் வந்து அளந்தது, வக்கீல் மாறினார், எதிர்த்தரப்பு வாய்தா வாங்கியது. தீர்ப்புக்கு முன்னாலேயே சித்தப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். காரியத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. முப்பது வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்த குடும்பங்கள் அவை. சித்தி இன்றைக்கும் பகலில் சமையலறையில் லைட் போட்டுக்கொண்டுதான் சமைக்கிறார். ப்ளானில் அந்த மூன்றடி சந்து இன்னும் பத்திரமாக இருக்கிறது.

திரும்பி வந்த பக்கத்து வீட்டுக்காரர்

காகிதத்திலிருந்து விழுந்த பக்கத்து வீட்டுக்காரரைத் திரும்பக் கொண்டுவந்தது நீதிமன்றங்கள்தான். 1974ல் உடுப்பி. கல்யாண மண்டபமும் சொற்பொழிவு மண்டபமும் கட்ட அனுமதி வாங்கிய இடத்தில் சினிமாத் தியேட்டர் எழும்ப நகராட்சி ஒப்புக்கொண்டது. அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் வழக்குப் போட்டார். தீர்மானம் தப்புதான், ஆனாலும் தலையிட மாட்டேன் என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடியிருப்புப் பகுதி என்று திட்டம் போட்டபின் அதை மீறினால் அங்கே குடியிருப்பவர்களின் உரிமைதான் பாதிக்கப்படுகிறது, அவர்கள் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. கே. ராமதாஸ் ஷெனாய் வழக்கு என்று வக்கீல்கள் இன்றும் மேற்கோள் காட்டுவது இதைத்தான்.

அந்த வழியில் வந்த பெரிய வெற்றி நொய்டா. எமரால்ட் கோர்ட் குடியிருப்பில் வீடு வாங்கியவர்களுக்குப் பூங்கா என்று காட்டிய இடத்தில் சூப்பர்டெக் இரட்டைக் கோபுரம் எழுப்பியது. இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே 16 மீட்டர் இருக்க வேண்டும், இருந்தது 9 மீட்டர். நகர ஆணையமே அனுமதி கொடுத்திருந்தது. குடியிருப்போர் சங்கம் 2012ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் போனது. 2014ல் இடிக்க உத்தரவு, 2021 ஆகஸ்ட் 31ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2022 ஆகஸ்ட் 28ல் சில விநாடிகளில் இரண்டும் தரைமட்டம். டிவியில் எல்லோரும் புழுதியைப் பார்த்தார்கள். நான் அந்த 16 மீட்டரையும் 9 மீட்டரையும்தான் நினைத்துக்கொண்டேன். சுவருக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் என்பதுதானே அர்த்தசாஸ்திரத்திலும் கேள்வி?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மும்பை வொர்லியில் கேம்பா கோலா வளாகம். 1980களில் கட்டிய ஏழு கட்டிடங்கள். ஐந்து மாடிக்கு அனுமதி, ஒன்று 20 மாடி, இன்னொன்று 17 மாடி வரை போனது. 2013ல் உச்ச நீதிமன்றம் அதிகப்படி மாடிகள் செல்லாது என்றது. 2014 ஜூனில் தண்ணீர், மின்சாரம் துண்டிக்கப்பட்டது. இருபது, இருபத்தைந்து வருஷம் குடியிருந்தவர்கள் சாமானோடு வெளியே வந்தார்கள். கட்டியவர் பணத்தோடு எப்போதோ போயாகிவிட்டது. அனுமதிக் காகிதத்தைப் பார்க்காமல் விட்டால் கடைசியில் யார் தலையில் விடிகிறது என்று யாராவது என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன்.

வங்கி எப்போது வந்தது?

2006ல் டெல்லி உயர் நீதிமன்றம் விதிமீறல் கட்டிட வழக்கொன்றில், இதற்கெல்லாம் கடன் கொடுப்பது யார் என்று கேட்டது. அந்த வருஷம் நவம்பர் 17ல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியது. அனுமதி பெற்ற ப்ளான் நகல் வேண்டும். அதை மீறமாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். வங்கி நியமிக்கும் ஆர்க்கிடெக்ட் கட்டக்கட்டப் பார்த்துச் சான்று தர வேண்டும். முடித்து மூன்று மாதத்துக்குள் நிறைவுச் சான்று வாங்காவிட்டால் முழுக் கடனையும் திரும்பக் கேட்கலாம். நாங்கள் கேட்கும் அந்த ஸ்டாம்ப் பேப்பரின் பூர்வீகம் இதுதான், வாடிக்கையாளர்களே.

2024 டிசம்பரில் மீரட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் இறுக்கியது. கட்டிடத்தை அடமானம் வைத்துக் கடன் கொடுக்குமுன் நிறைவுச் சான்றை வங்கி சரிபார்க்க வேண்டும். அதோடு எனக்கு மிகவும் பிடித்த ஒரு உத்தரவு: கட்டி முடிக்கும்வரை அனுமதி பெற்ற ப்ளானைக் கட்டுமிடத்தில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டி வைக்க வேண்டும்.

யார் பார்க்க? இன்ஸ்பெக்டரிடம் நகல் இருக்கிறது, வங்கியிடம் இருக்கிறது. தெருவில் போகிறவருக்கு அதில் அக்கறை இல்லை. அது பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்காக. பிளேக் காலத்தில் காகிதத்திலிருந்து வெளியே போனவரை இப்போது பலகை வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கலாம். நல்ல விஷயம்தான், அலைச்சல் மிச்சம். ஆனால் சுயசான்று என்றால் நாமே நமக்கு அதிகாரி. அங்கே விதியைக் கண்காணிக்கக்கூடிய ஒரே ஆள், முதன்முதலில் கண்காணித்த அதே ஆள்தான்.

ஆகவே வீடு கட்டப் போகிறவர்களுக்கு, கடன் கொடுக்கும் ஆளாக இல்லாமல் தெரிந்தவனாக ஒன்று சொல்வேன். கடக்கால் தோண்டுவதற்கு முன்னால் ப்ளானில் ஒரு நகல் அதிகமாக எடுங்கள். மேஸ்திரியை வைத்துக்கொண்டு, நாலு பக்கமும் நூல் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நகலைக் கையில் கொடுங்கள். அவர் முறைத்தாலும் பரவாயில்லை. முறைப்பு ஒரு வாரத்தில் போய்விடும், கேஸ் ஒன்பது வருஷம் ஓடும்.

உங்கள் ஊரில், நீங்கள் இப்போது இருக்கும் ஊரில், இந்தச் சந்துச் சண்டை எப்படி நடக்கிறது என்று எழுதுங்கள். குஜராத்தும் மகாராஷ்டிராவும்தான் எனக்குத் தெரியும். மற்ற ஊர்களையும் தெரிந்துகொள்ள ஆசை.